நடுமாத வழவழப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பீரியட்ஸ் முடிந்து சில நாள் கழித்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று படுகிறது. இது நோயா அக்கா?

பதில்: இல்லைம்மா. கருமுட்டை வெளிவரும் நேரம் நெருங்குகிறது. முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும். கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளியில் தண்ணீர் கூடி, நிறமில்லாமல் வழுக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல விரித்துப் பாருங்கள், அறாமல் நூலாக நீளும். மற்ற நாட்களில் விந்தணுவை மறிக்கும் அதே சளி, இந்தச் சில நாள் மட்டும் வழி விடுகிறது. முட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூடும். சளி பசை போலக் கெட்டியாகும், இல்லையென்றால் வறண்டுவிடும். வழவழப்பின் கடைசி நாளைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அதை ஒட்டித்தான் முட்டை வெளிவரும். அப்புறம், பயந்துபோய் உள்ளே சோப்பு போட்டுக் கழுவாதீர்கள்.

கேள்வி: திரிந்த பால் மாதிரி வெள்ளையாக, ஒரே அரிப்பு. இதுவும் அதுதானா?

பதில்: இல்லை. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். நாற்றம், பச்சை நிறம், அடிவயிற்று வலி இருந்தாலும் அப்படியே. கழுவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பீரியட்ஸ் கணக்கிடும் ஆப், 14ஆம் நாள் முட்டை வெளிவரும் என்கிறது. எனக்கு 19ஆம் நாள்தான் வழவழப்பு வருகிறது.

பதில்: உடம்பை நம்புங்கள். அந்த 14, அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுகிற கணக்கு. 33 நாள் சுற்றென்றால் 19 சரிதானே? அதுவும் உத்தேசம்தான்.

குறுக்கே இன்னொருவர்: எல்லாருக்கும் 14தான். பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறதே!

பதில்: புத்தகத்தில் இருப்பது 28 நாள் சுற்றுக்கான படம். அந்தச் சுற்று உள்ளவர்களுக்கே சில நாள் முன்பின் ஆகும்.

அவரே: அப்படியென்றால் குழந்தைக்கு முயல்பவர்கள் எந்த நாளை நம்புவது?

பதில்: ஒரு நாளை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? நல்ல சளியில் விந்தணு 5 நாள் வரை தாங்கும். முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். முட்டைக்கு முன்பே விந்தணு போய்க் காத்திருப்பதுதான் நல்லது. வழவழப்பு தொடங்கியதுமே சேரலாம்.

அவரே: ஆனாலும் 14...

பதில்: சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை) இருக்கிறது. மாதத்தில் மூன்று முறை வழவழப்பு வருகிறது.

பதில்: முட்டை வெளிவராமலே வழவழப்பு வந்து போகும். இந்த அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது. ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் வெள்ளைக்கரு மாதிரி வருகிறது, நோயா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: வாசனைத் திரவம் ஊற்றி உள்ளே கழுவலாமா?

பதில்: மூன்றாவது தடவை சொல்கிறேன், கூடாது. அங்கே காவலுக்கு இருக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் கழுவித் தள்ளுவீர்கள்.