ஏலத்தில் எடுத்த பழைய எம்35ஏ2 அமெரிக்க ராணுவ ட்ரக், ரிப்பேர் செய்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நீங்கள் சொன்ன விவரத்தை முதலில் ஒருமுறை வரிசையாக வைத்துக்கொள்கிறேன். டெக்சாஸில் நண்பரோடு சேர்ந்து ஏலத்தில் எடுத்த எம்35ஏ2. வீடு வரை ஓட்டியே வந்திருக்கிறீர்கள். அப்புறம் டேங்கைக் கழற்றிக் கழுவி, டீசல் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, வெடிப்பு விட்ட ரப்பர் லைன்களையும் பேட்டரி இரண்டையும் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். இப்போது செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப் போய்விட்டது, இறக்க வேண்டும் என்கிறார்.

பம்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ஓடி வந்த வண்டி அது. ஓடி வந்த வண்டி ரிப்பேருக்குப் பிறகு நின்றால், கோளாறு உங்கள் கை பட்ட இடத்தில் இருக்கும். இல்லையென்றால், ஏற்கெனவே செத்துக் கிடந்த ஏதோ ஒன்று இந்த ரிப்பேரால் வெளியே தெரிய வந்திருக்கும். இந்த இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. எம்35ஏ2-வில் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

என் பழக்கம் இரண்டு பக்கமும் உண்டு. நாமக்கல் பக்கம் லாரி பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே அமெரிக்காவுக்கு வந்த பிறகு நண்பர்களின் எம்35 வண்டிகளில் கை கறுப்பாக்கிக்கொண்டவன். ஊர் டீசல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த எஞ்சினில் பாதி புரியும், மீதிப் பாதி தலையைச் சொறிய வைக்கும். எல்டிடி-465 என்பது பல எரிபொருள் எஞ்சின். 6 சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ வைத்தது. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் என்று எது கிடைக்கிறதோ அதில் ஓடட்டும் என்று செய்தது. எரியும் விதம் ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடமிருந்து வந்தது. (நம் ராணுவம் பல்லாண்டு ஓட்டிய சக்திமான் ட்ரக்கும் மேன் உரிமத்தில் ஜபல்பூரில் செய்ததுதான். தூரத்துச் சொந்தம்.) கம்ப்ரஷன் 22-க்கு 1. ஸ்டார்ட் செய்யும்முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ ப்ளக் கிடையாது. சாவி கிடையாது. ஓடத் தொடங்கிவிட்டால் கரண்ட்டும் தேவையில்லை. ஸ்விட்சை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு ஒரு கேபிள்.

முதல் வேலை, ஒருவர் செல்ஃப் அடிக்க நீங்கள் புகைக்குழாயைப் பாருங்கள். ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை. புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இரண்டும் வேறு வேறு வழக்கு. இதைப் பார்க்காமல் பார்ட்ஸ் மாற்றுவது வெறும் சூதாட்டம்.

நீங்கள் செய்த வேலைகளை வைத்துப் பார்த்தால் புகை வராது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அடுத்து டேங்க்.

டேங்குக்குள் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் இருக்கிறது. டாஷ்போர்டின் இடது பக்க ஸ்விட்ச் நெம்புகோலைத் திருப்பியதும் அது ஓட வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இது எப்போதோ செத்திருக்கும், ஓட்டுபவருக்கே தெரியாது. காரணம், எஞ்சினிலுள்ள இன்ஜெக்ஷன் பம்போடு சேர்ந்து இன்னொரு சப்ளை பம்ப் இருக்கிறது. லைன் முழுக்க டீசல் நிரம்பி இருக்கும்வரை அது தானே இழுத்துக்கொள்ளும். ஏலத்திலிருந்து நீங்கள் ஓட்டி வந்தது அந்த இழுவையில்கூட இருந்திருக்கலாம். இப்போது டேங்க், லைன், மூன்று ஃபில்டர் எல்லாமே காலி. உள்ளே முழுக்கக் காற்று. அவ்வளவு காற்றையும் இழுத்துத் தள்ள அந்தச் சப்ளை பம்பால் முடியாது. நம் ஊர் லேலண்ட், டாடா பழகியவர்கள் ஃபீட் பம்பில் கையால் அடிக்கும் ப்ரைமரைத் தேடுவார்கள். இதில் அது இல்லை. ப்ரைமர் வேலையையும் சேர்த்துத்தான் டேங்க் பம்ப் செய்கிறது.

பம்ப் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்கலாம் என்றால் அதற்கும் ஒரு இடைஞ்சல். ஸ்விட்சைப் போட்டதும் ஏர் பிரஷர் குறைவு என்று பஸ்ஸர் அலற ஆரம்பிக்கும். நின்றுகிடந்த வண்டியில் ஏர் எங்கே இருக்கும்? அந்தச் சத்தத்தில் பம்பின் முனகல் கேட்காது. பஸ்ஸர் ஒயரைக் கொஞ்ச நேரம் பிடுங்கி வையுங்கள், பிறகு மறக்காமல் மாட்டிவிடுங்கள். ஆனால் சத்தம் மட்டும் போதாது. முதல் ஃபில்டருக்கு வரும் லைனைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு ஸ்விட்சைப் போடுங்கள். டீசல் விடாமல் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை என்றால் டேங்க் மேலே பம்ப் ஒயர் சேரும் கனெக்டரைப் பாருங்கள். டேங்கைக் கழற்றி மாட்டிய வண்டியில் அது முழுதாக உள்ளே போகாமல் நிற்பது சகஜம். எர்த்தையும் பாருங்கள். கனெக்டரில் 24 வோல்ட் வந்தும் பம்ப் அசையவில்லை என்றால் பம்ப் செத்தது, மாற்றுங்கள். அதுவரை அவசரத்துக்கு வெளியே ஒரு பம்பை வைத்து ஓட்டலாம். டேங்க் வாயில் துணி சுற்றி மெதுவாகக் காற்றழுத்தம் கொடுப்பவர்களும் உண்டு. கொடுத்தால் 2, 3 பிஎஸ்ஐ-க்கு மேல் போகாதீர்கள், டேங்க் தையல் விட்டுவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், நீங்கள் போட்ட புது லைன்கள். டீசல் எங்கும் சொட்டவில்லை, அதனால் லைன் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்க் பம்ப் ஓடினால்தான் அது சரி. பம்ப் ஓடாதபோது டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாமே உறிஞ்சும் பக்கம். ஊசி நுனி அளவு ஓட்டையில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் புரண்டு உட்கார்ந்தாலும் இதே கதை. பழைய வளையம் தலையில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருப்பார்கள், நன்றாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இன்ஜெக்ஷன் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடிபோலத் தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

டேங்க் பம்ப் ஊற்றுகிறது என்று உறுதியான பிறகு ஏர் எடுங்கள். ஸ்விட்ச் போட்டபடியே இருக்கட்டும். ஃபில்டர் தலையிலுள்ள ப்ளீடரை, அதாவது காற்றை வெளியே விடும் திறப்பைத் திறந்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். டேங்க் பக்கத்து ஃபில்டரில் தொடங்கி எஞ்சின் பக்கம் வாருங்கள். பிறகு இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொன்றிலும் டீசல் துடித்து வந்ததும் இறுக்கிவிடுங்கள். அந்தப் பக்கம் வெறும் கையைக் கொண்டுபோகாதீர்கள். இன்ஜெக்ஷன் பிரஷரில் வரும் டீசல் தோலுக்குள்ளேயே போய்விடும், மருத்துவமனை விஷயம் அது. செல்ஃபையும் ஒரேயடியாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். 15 விநாடி அடித்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

நட்டுகளில் டீசலே வரவில்லையா? பம்பைக் குறை சொல்லும் முன்னால் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். டாஷ்போர்டில் குமிழை இழுத்தால் எஞ்சின் நிற்கும், உள்ளே தள்ளினால் ஓடும். குமிழ் உள்ளே போய்விட்டது என்பதால் பம்பிலுள்ள நெம்புகோலும் திரும்பிவிட்டது என்று நம்பாதீர்கள். துருப்பிடித்த கேபிள் உறைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து நெம்புகோலைக் கையால் ஓடும் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். பம்ப் செத்தது என்று தீர்ப்பு எழுதப்பட்ட வண்டி, இந்த ஒரு தள்ளலில் உயிர் பெற்றதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, புகை வெள்ளையாக வருகிறது, பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வழக்கு கரண்ட் பக்கம் திரும்புகிறது. க்ளோ ப்ளக் இல்லாத எஞ்சினில் சூடு வருவதே சுற்றும் வேகத்தில்தான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் சீரியஸில் சேர்ந்து 24 தர வேண்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 25 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஒன்றை மட்டும் தனியாக அளந்தும் பாருங்கள். பழைய சொந்தக்காரர்கள் ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருப்பார்கள், அந்த ஒயர் புது பேட்டரியையும் ஒரு பக்கமாகக் காலி செய்யும். செல்ஃப் அடிக்கும்போது மொத்தம் 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ கேபிளோ போதவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயிண்ட் மேல் எர்த் போல்ட்டை இறுக்கினால் இப்படித்தான் ஆகும். சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

சீக்கிரம் பிடிக்கட்டும் என்று இன்டேக்கில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். 22-க்கு 1 கம்ப்ரஷனில் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். இன்டேக்கில் உறைகுளிருக்காக வைத்த தீச்சுவாலை ஹீட்டரை யாராவது போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முதல் முறை பிடிக்கும்போது ஒருவர் ஏர் இன்டேக் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகையோடு நிற்கட்டும். ஸ்டாப் கேபிள் வேலை செய்யாமல் எஞ்சின் எகிறினால் காற்றை அடைப்பதுதான் வழி. பலகையைத்தான் வைக்க வேண்டும், கையை அல்ல. சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். பிரேக் ஏர் உதவியோடு வேலை செய்யும் ஹைட்ராலிக், அதுவும் ஒரே சர்க்யூட். பஸ்ஸர் நிற்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்து, நெம்புகோலும் ஓடும் நிலையில் இருந்து, பம்புக்குள் குமிழியில்லாத டீசல் போயும் நட்டுகளில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் மெக்கானிக் சொன்னதை யோசிக்க வேண்டும். அப்போதும் இந்தப் பம்ப் தெரிந்தவரிடம் கொடுங்கள். பம்பின் மேல்பகுதியான ஹைட்ராலிக் ஹெட்டைத் தூக்கும்போது அடியிலிருக்கும் சின்ன பட்டன் நழுவிப் பம்புக்குள் விழும். அதைக் கவனிக்காமல் திரும்ப மாட்டினால் நல்ல பம்பும் கெட்டுவிடும். அமெரிக்க ராணுவத்தின் டிஎம் 9-2320-361 வரிசைக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவரிடம் அதையும் காட்டுங்கள்.

பார்த்துவிட்டு, புகையின் நிறம், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட், டேங்க் பம்ப் டப்பாவில் எப்படி ஊற்றுகிறது, இந்த மூன்றையும் கேள்வியில் சேருங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.