காப்பகமும் மீட்புக் குழுவும்: நாய் தத்து கேள்வி பதில்

காப்பகத்தில் சில ஆண்டுகள், அப்புறம் மீட்புக் குழுவில் சில ஆண்டுகள் என்று இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தில் இருந்தே பதில் சொல்கிறேன்.

காப்பகமே நேரடியாகத் தத்து கொடுக்கலாமே அக்கா, நடுவில் குழு எதற்கு?

நேரடியாகப் போகக்கூடிய நாயை நேரடியாகவே கொடுத்துவிட வேண்டும். ஓடி வந்து கையை நக்கும் இளம் நாயை வருகிறவர்களே கேட்டு வாங்கிப் போவார்கள். கிழட்டு நாய், பயந்து ஒடுங்கியது, எலும்பு முறிந்து வாரக்கணக்கில் ஓய்வு வேண்டியது, பால்குடி மறக்காத குட்டிகள், இவற்றுக்குத்தான் குழு வேண்டும். குழுவிடம் கட்டடம் இருக்காது, தத்து போகும் வரை நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஃபாஸ்டர் வீடுகள் இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1998-ல் வந்த ஹேடன் சட்டப்படி, கருணைக்கொலைக்கு ஒதுக்கிய நாயைத் தொண்டுக் குழு கேட்டால் காப்பகம் பொதுவாகக் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் எளிதில் போகும் நாய்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் குழுக்களும் உண்டு. அது கூட்டு வேலை ஆகாது.

காப்பகச் சீட்டில் ‘உறுமும், கடிக்க வரும்’ என்று எழுதியிருக்கிறது. அந்த நாயை எடுக்கலாமா?

எப்போது, எதைப் பார்த்து, யாரிடம் என்று முதலில் கேளுங்கள். அந்த ஒற்றை வரியை வைத்து எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

ஒரு செம்பழுப்புப் பெண் நாய் நினைவுக்கு வருகிறது. கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். சாப்பாடு வைக்கப் போனால் பல்லைக் காட்டும். ‘கிட்டே போகாதே’ என்று சிவப்பு மையில் சீட்டு. ஃபாஸ்டர் வீட்டில் மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்ததும் அதே உறுமல், அதே பல். காப்பகத்தில் கிண்ணத்தை இரும்புக் கம்பியில் இடித்துத்தான் உள்ளே தள்ளுவோம், அந்தச் சத்தம்தான் அதற்குப் பயம். பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு மாற்றி, ஓசையில்லாமல் வைக்க ஆரம்பித்தோம். இரண்டே வாரத்தில் அந்த வீட்டுப் பெண்ணின் காலடியில் தலை வைத்துத் தூங்கியது. இதைத் தட்டு விவரத்தோடு எழுதிக் காப்பகத்துக்கும் அனுப்பினோம், தத்தெடுத்தவருக்கும் கொடுத்தோம்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. மனிதரைக் கடித்து ஆழமான காயம் ஆக்கிய நாய் என்றால் அந்த உண்மையை ஒளிக்கவே கூடாது. காப்பகம் குழுவிடம் மறைத்தாலும், குழு தத்தெடுப்பவரிடம் மறைத்தாலும், கடைசியில் ஒரு குழந்தைதான் கடி வாங்கும். அந்த நாயும் பிழைக்காது.

ஐந்து வாரக் குட்டிகள் நான்கைக் காப்பகத்தில் இருந்து எடுத்தோம். நன்றாக விளையாடுகின்றன. தத்துக்குப் போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எட்டு வாரம் ஆகட்டும். விளையாடுகிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள், சில நேரம் 14 நாள் வரைகூட ஆகும். அதனால் வந்த நாளில் இருந்து இரண்டு வாரம் மற்ற நாய்களிடம் சேர்க்காதீர்கள். தடுப்பூசி முடியாத நாய் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு அப்புறம் நீர் கலந்த பிளீச் போட வேண்டும். தடுப்பூசியும் ஒன்றோடு முடியாது. குறைந்தது 16 வாரம் வரை, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். மற்ற நாய்களிடம் இருந்து பிரித்து வைக்கச் சொன்னேனே தவிர, மனிதரிடம் இருந்து அல்ல. ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். மிக்ஸி சத்தம், குழந்தை அழுகை, குடை விரிவது எல்லாம் இப்போதே பழகட்டும்.

எங்கள் காப்பகத்துக்குப் புதிதாக ஒரு குழு வந்து நாய் கேட்கிறது. எப்படி நம்புவது?

நேரில் போய்ப் பாருங்கள். இப்போது எத்தனை நாய்கள், எத்தனை வீடுகள், போன மாதம் எத்தனை தத்து போயின என்று கேளுங்கள். எந்த மருத்துவரிடம் காட்டுகிறார்கள் என்று கேட்டு அவரிடமும் பேசுங்கள். என்னைக் கேட்டால், ‘இப்போது இடம் இல்லை, முடியாது’ என்று சொல்லத் தெரிந்த குழுவை நம்பலாம். எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் குழுவிடம்தான் பயப்பட வேண்டும். அங்கே நாய்கள் வந்துகொண்டே இருக்கும், வெளியே போகாது. முதலில் ஒன்றிரண்டு கொடுத்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்?

உரிமை எந்த நாளில் மாறுகிறது, அதற்கு முன் வந்த நோய்க்குச் செலவு யாருடையது, கருத்தடை யார் பொறுப்பு, தத்து சரிவராவிட்டால் நாய் எங்கே திரும்பும். கடைசிக் கேள்விக்குக் குழு ‘எங்களிடமே’ என்று எழுதித் தரவேண்டும். நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பில் பொதுவாக ஒரு 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கும், பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில்தான் இருக்கும். அதைத் தத்தெடுத்தவர் பெயருக்கு மாற்றாவிட்டால், தொலைந்த நாய்க்காகப் பழைய காப்பகத்துக்குத்தான் அழைப்பு போகும்.

ஒரே நாயை இரண்டு குழுக்கள் கேட்டால்?

யாரிடம் அந்த நாய்க்கு ஏற்ற வீடு இன்று காலியாக இருக்கிறதோ அவர்களுக்கு. முதலில் கேட்டவர் என்பது இரண்டாம் பட்சம்.

நாளை குழுவிடம் இருந்து நாயைக் கூட்டி வருகிறேன். முதல் நாள் என்ன கவனிக்க வேண்டும்?

தடுப்பூசி அட்டையோடு காப்பகக் குறிப்பு, ஃபாஸ்டர் குறிப்பு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அது படுத்த துணியையும் துவைக்காமல் வாங்கி வாருங்கள், அந்த வாசனைக்கே பாதி அடங்கும். கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, மார்புப் பட்டையில் ஒரு கயிறு என்று இரண்டு போடுங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். வண்டியில் இருந்து இறக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பல நாய்கள் ஓடியிருக்கின்றன. வாசல் கேட்டைச் சாத்திவிட்டு அப்புறம் வண்டிக் கதவைத் திறங்கள்.