செய்மதியின் சில்லு பழுதானால்…

கேள்வி: செய்மதியின் திசையைப் பிடித்து வைத்திருக்கும் சுழற்சிச் சில்லுகளில் ஒன்று பழுதாவதைத் தரையிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பிறகு என்ன செய்யலாம்?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: மோட்டர் சில்லின் வேகத்தை மாற்றினால் கலம் எதிர்ப்பக்கம் திரும்பும்; திசையைப் பிடிப்பது இப்படித்தான். பழுதில் பெரும்பாலும் முதலில் பெயரிங்கில் உராய்வு கூடும். அதே வேகத்துக்கு மோட்டர் வழமையைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும். கண் வைக்க வேண்டியது அதில்தான். கூடவே, கொடுத்த கட்டளைக்கு எவ்வளவு வேகம் மாறியிருக்க வேண்டுமெனக் கணித்து, உண்மையில் மாறியதோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஒருமுறை எகிறினால் பொறுக்கலாம். தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் பழுதுதான்.

எந்தச் சில்லுக்கு எவ்வளவு கட்டளை என்று பிரிக்கும் எண் அட்டவணைதான் பங்கீட்டுத் தாயம். உடனே அந்தச் சில்லுக்குரிய நிரலை (எண் வரிசையை) அதிலிருந்து நீக்குங்கள். சாய்வாகப் பொருத்திய நான்கில் மிஞ்சும் மூன்று, மூன்று அச்சுக்கும் போதும். நீக்காவிட்டால் மென்பொருள் செத்த சில்லுக்கே கட்டளை அனுப்பும். பிழை திரண்டு மற்றவை உச்ச வேகத்தில் போய் முட்டும். ஓர் இழப்பு உண்டு. நான்கு இருக்கையில், கலத்தைத் திருப்பாமலே வேகங்களைச் சேர்த்து மாற்றிப் பூச்சிய வேகத்தைத் தவிர்க்கலாம். பூச்சியத்தைக் கடக்கும்போது உராய்வு திசை மாறுவதால் கலம் சற்றே வெட்டும், படம் கலங்கும். மூன்றோடு அந்த வசதி போய்விடும்.

கெப்ளர் விண்வெளித் தொலைகாட்டிக்கு நான்கு சில்லுகளில் 2012 ஜூலையில் ஒன்றும் 2013 மேயில் இன்னொன்றும் போயின. மிஞ்சிய இரண்டும் இரண்டு அச்சுக்கே போதும். மூன்றாவது அச்சுக்குச் சூரிய ஒளியின் அழுத்தத்தையே பிடித்தார்கள்: கூரை முகடு போன்ற சூரியத் தகடுகளின் இருபுறமும் ஒளி சமமாக விழும்படி கலத்தை நிறுத்தினார்கள். என்ன அருமையான வேலை! ஆனால் அது தானாக நிலைக்கும் சமநிலை அல்ல. சுமார் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை உந்தியால் திருத்த வேண்டியிருந்தது. சூரியன் நகர, ஏறத்தாழ 80 நாளுக்கொருமுறை பார்க்கும் வான்பகுதியையும் மாற்றினார்கள். 2018 அக்டோபரில் எரிபொருள் தீரும்வரை ஓடியது.

கேள்வி: சிறு செய்மதிக்குச் சில்லே வேண்டாம், காந்தச் சுருள் போதாதா?
– மொரட்டுவை வாசகர்

பதில்: துல்லியம் கேட்காவிட்டால் போதும். மின்னோட்டம் பாயும் சுருள் பூமியின் காந்தப் புலத்தோடு மோதிக் கலத்தைத் திருப்பும். 0.2 அம்பியர் சதுர மீற்றர் சுருள், 30 மைக்ரோ தெஸ்லா புலத்தில் அதிகபட்சம் 6 மைக்ரோ நியூட்டன் மீற்றர் திருப்புவிசைதான் தரும். அதுவும் புலத்தின் திசையைச் சுற்றித் திருப்பாது. கொழும்புக்கு மேலே புலம் ஏறக்குறைய கிடையாக வடக்கே போகிறது. ஆகவே துருவப் பாதையில் வரும் செய்மதி நம் தலைக்கு மேல் இருக்கும்போது, பயணத் திசையைச் சுற்றிய உருளலைச் சுருளால் திருத்த முடியாது. கால் சுற்று முன்னே, துருவத்தருகே, புலம் செங்குத்தாக இருக்கும்போதே திருத்திவிட்டு வரவேண்டும். காந்தமானியை வாசிக்கும் முன் சுருளை நிறுத்தி, மின்னோட்டம் அடங்கவிடுங்கள். இல்லையேல் அது அளப்பது உங்கள் சுருளின் புலத்தையே.