தண்ணீர் குடித்தால் உடல் இளைக்குமா? பர்மாத் தமிழர் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏறத் தொடங்கியதும் தண்ணீரைப் பற்றிய பேச்சும் ஏறிவிடுகிறது. ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் ஆகிய ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வந்தன: நிறையத் தண்ணீர் குடித்தால் எடை குறையுமா என்பதுதான் அது. உணவியல் ஆலோசகராகப் பணிபுரிபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். மருத்துவரிடம் காட்ட வேண்டிய இடங்களில் அதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ரங்கூன், துணிக்கடை உரிமையாளர், வயது 46): என் எடை 190 பவுண்டு. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும் என்று கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது. சில வாரங்களாகக் குடித்து வருகிறேன். எடை அசையவே இல்லை. எங்கே தவறு?

பதில்: ஐயா, உங்கள் மீது தவறில்லை, அந்தக் காணொளி சொன்னதுதான் தவறு. உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரைத்து வெளியேற்றும் ஆற்றல் தண்ணீருக்குக் கிடையாது. உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் கலோரி உடலின் தேவையைவிடக் குறையும்போது மட்டுமே உடல் சேமிப்பிலுள்ள கொழுப்பை எடுத்துச் செலவிடும். நீங்கள் வழக்கமான சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் அதற்கு மேல் நான்கு லிட்டர் தண்ணீரைச் சேர்த்திருக்கிறீர்கள். சிறுநீரகம் அதை முறையாக வெளியேற்றிவிட்டது. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தண்ணீர் எடையைக் குறைக்க உதவுவது வேறு வழிகளில். அது எந்தப் பானத்தின் இடத்தைப் பிடிக்கிறது, எந்த நேரத்தில் வயிற்றுக்குள் போகிறது என்ற இரண்டையும் பொறுத்துத்தான் பலன் அமைகிறது. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தேநீர் குடிக்கிறீர்கள், எப்படிப்பட்ட தேநீர் என்பதை எழுதி அனுப்புங்கள்.

அவரே மீண்டும்: நான்கு, சில நாட்களில் ஐந்து. எல்லாம் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர்தான். கடைக்கு வருபவர்களுடன் பேச்சே தேநீர்க்கடையில்தான் நடக்கிறது. அதை விட முடியாது.

பதில்: தேநீர்க்கடையை விடச் சொல்ல மாட்டேன், அது இந்த ஊரின் வாழ்க்கை. கணக்கை மட்டும் பாருங்கள். இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 320 கலோரி இருக்கிறது. அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு கோப்பையில் 40 கிராம் ஊற்றினால் சுமார் 130 கலோரி, 22 கிராம் சர்க்கரை. நான்கு கோப்பைக்கு 500 கலோரியைத் தாண்டிவிடுகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு முதலியவற்றிலிருந்து வரும் இனிப்பு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. உங்கள் முதல் கோப்பையே அந்த 25 கிராமை நெருங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம், பானத்தில் வரும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு கோப்பை தேநீரில் வந்த 260 கலோரிக்காக மதியச் சோற்றை யாரும் குறைத்து உண்பதில்லை. அது அப்படியே மேலே ஏறுகிறது. எடை கூடியவர்களிடம் நான் முதலில் தட்டைப் பற்றிக் கேட்பதில்லை, கோப்பையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இதற்கு மாற்று உங்கள் மேசையிலேயே இருக்கிறது. நம் தேநீர்க்கடைகளில் வெறும் பச்சைத் தேநீரைக் காசில்லாமல் குடுவையில் வைத்துவிடுகிறார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தத் தேநீரில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். முதல் கோப்பை உங்கள் விருப்பப்படி பால் தேநீராக இருக்கட்டும். அதன் பிறகு எவ்வளவு நேரம் பேசினாலும் குடுவையிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கோப்பை பால் தேநீர் குறைந்தால் நாளுக்கு 250 கலோரிக்கு மேல் குறையும். மாதத்துக்கு அது ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்புக்கு, அதாவது இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல், சமம். நடைமுறையில் உடல் பசியைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் ஈடுகட்ட முயலும் என்பதால் கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே இறங்கும். இருந்தாலும் இறங்கும்.

கேள்வி (பெகு, ஆசிரியை): சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு, அம்மா. தண்ணீரைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது இதற்குத்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 55 முதல் 75 வயது வரையிலான 48 பேரை இரண்டு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் கலோரி குறைந்த உணவைக் கொடுத்து, ஒரு பிரிவினரை மட்டும் மூன்று வேளை உணவுக்கு முன்னும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். 12 வாரத்தின் முடிவில் தண்ணீர் குடித்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். இது 2010இல் வெளியானது. 2015இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உடற்பருமன் உள்ள 84 பேரிடம் இதே போன்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். மற்றவர்கள் வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை மட்டும் செய்துகொண்டார்கள். அங்கு வித்தியாசம் சராசரியாக 1.3 கிலோ.

மூன்று மாதத்தில் மூன்று, நான்கு பவுண்டு என்பது பெரிய அளவன்று. ஆனால் செலவில்லாத ஒரு பழக்கத்துக்கு இது குறைந்த பலனும் அன்று. எனக்கு இதில் முழு உடன்பாடு உண்டு. இரண்டு ஆய்வுகளுமே சிறியவை, மூன்று மாதத்தோடு முடிந்தவை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயது கூடியவர்களுக்கு வயிற்றிலிருந்து தண்ணீர் இறங்கச் சற்று நேரமாவதால் உணவின் அளவு குறைகிறது என்றும், இளைஞர்களிடம் அந்த அளவுக்குப் பலன் தெரிவதில்லை என்றும் சில சோதனைகள் காட்டுகின்றன. உங்கள் மாணவர்களைவிட உங்களுக்கே இது அதிகம் பயன்படும்.

கேள்வி (தட்டோன், இல்லத்தரசி): எங்கள் வீட்டில் மதியம் ரசமும் இரவில் கஞ்சியும் உண்டு. தண்ணீராகக் குடிப்பதற்கும் ரசமாகக் குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா?

பதில்: அக்கா, வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வித்தியாசம் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 24 பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மதிய உணவுக்கு முன்பாக ஒரு நாள் கோழி சேர்த்த சோற்று உணவு. ஒரு நாள் அதே உணவு, அருகில் ஒரு குவளைத் தண்ணீர். ஒரு நாள் அதே பொருள்களும் அதே அளவு தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய சூப். மூன்றிலும் கலோரி ஒன்றே. சூப் குடித்த நாளில் மட்டும் அடுத்து வந்த மதிய உணவை அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்து உண்டார்கள். அருகில் வைத்த தண்ணீரால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

உணவோடு கலந்த தண்ணீர் வயிற்றில் அதிக நேரம் தங்குகிறது. தட்டு நிறைந்திருப்பதைப் பார்க்கும் கண்ணும் நிறைவு கொள்கிறது. பருப்புத் தண்ணீரில் செய்த ரசம், பூசணியும் சுரைக்காயும் போட்ட கூட்டு, நம் ஊர்ச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் புளிச்சைக்கீரையில் வைத்த புளிப்புச் சாறு ஆகிய எல்லாவற்றிலும் தண்ணீர் உணவாகவே மாறிவிடுகிறது. சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் ரசம் குடித்துப் பாருங்கள்; பிறகு போடும் சோறு தானாகவே குறையும். கஞ்சியைப் பொறுத்தவரை, அரிசியின் அளவைக் குறைத்துப் பாசிப்பயறு சேர்த்துக் காய்ச்சினால் மட்டுமே பலன். அதே அளவு அரிசியைக் கஞ்சியாக்கினாலும் அதன் கலோரி மாறாது. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டுத் தரும் மொகிங்காவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அதன் குழம்பால் கெடுதல் பெரிதில்லை, மேலே நொறுக்கிப் போடும் பொரித்த பருப்பு வடையையும் சுரைக்காய் பஜ்ஜியையும் குறைத்துக்கொண்டால் போதும். உப்பைப் பற்றிக் கீழே ஒரு கேள்வியில் எழுதுகிறேன்.

கேள்வி (மோல்மேன், கல்லூரி மாணவர்): ஐஸ் தண்ணீர் குடித்தால் அதைச் சூடாக்கவே உடல் கலோரியை எரிக்கும் என்று படித்தேன். என் அம்மாவோ வெந்நீர்தான் கொழுப்பை உருக்கும் என்கிறார். யார் சரி?

பதில்: தம்பி, இரண்டுமே எடை குறைக்க உதவாது. 5 டிகிரியில் உள்ள அரை லிட்டர் தண்ணீரை உடல் வெப்பமான 37 டிகிரிக்குக் கொண்டுவர 16 கலோரி வேண்டும். அது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. அரை லிட்டர் தண்ணீர் உடலின் கலோரிச் செலவை 30 விழுக்காடு கூட்டுகிறது என்று 2003இல் பெர்லினிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்றுவரை காணொளிகளில் சுற்றுவது அதுதான். 2006இல் சுவிட்சர்லாந்தில் மீண்டும் செய்து பார்த்தபோது சாதாரண வெப்பநிலைத் தண்ணீரில் அப்படி எதுவும் நிகழவில்லை. 3 டிகிரிக்குக் குளிர்வித்த தண்ணீர்கூட ஒரு மணி நேரத்துக்கு 4.5 விழுக்காடுதான் கூட்டியது. அம்மா சொல்லும் வெந்நீரும் தொண்டைக்கு இதமானது; கொழுப்பு வரை அந்தச் சூடு போவதில்லை.

கேள்வி (ரங்கூன்): காலையில் வெறும் வயிற்றில் தேனும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர்?

பதில்: ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. தேனை விட்டுவிட்டு எலுமிச்சையை மட்டும் பிழிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (பெகு): சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போய்த் தொப்பை விழுமா?

பதில்: விழாது. தேவைக்கேற்ப வயிறு அமிலத்தைச் சுரந்துகொள்ளும். தாகம் எடுத்தால் தாராளமாகக் குடிக்கலாம்.

கேள்வி (சௌத்தான் பகுதி, வயது 38): கோயில் தீமிதிக்காக விரதம் இருந்தபோது ஒரு வேளை மட்டும் உண்டு, மற்ற நேரம் தண்ணீரும் இளநீரும் குடித்தேன். ஒரே வாரத்தில் ஆறு பவுண்டு குறைந்தது. விரதம் முடிந்த சில நாட்களில் அத்தனையும் திரும்பிவிட்டது. மனம் சோர்ந்துவிட்டது.

பதில்: சோர்வடைய வேண்டாம். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். உணவைக் குறைத்த முதல் சில நாட்களில் அந்தச் சேமிப்பு செலவாகி, அதனுடன் இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. விரதத்தில் கருவாடு, ஙப்பி என்ற உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது, ஊறுகாய் போன்றவற்றை விட்டிருப்பீர்கள். உப்பு குறைந்தாலும் உடல் பிடித்து வைத்திருந்த தண்ணீர் போகும். மறுபடி சோறும் உப்பும் சேர்ந்ததும் தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆறு பவுண்டில் பெரும்பகுதி இப்படி வந்து போன தண்ணீர்தான், கொழுப்பு கொஞ்சமே. தராசு காட்டுவதை அன்றாடம் பார்க்காமல், வாரம் ஒரு முறை அதே கிழமையில் காலையில் பார்த்து, இடுப்பளவையும் குறித்துக்கொண்டு வந்தால் உண்மை நிலை தெரியும். விரதம் பக்திக்காக இருக்கட்டும். எடைக்கான திட்டமாக அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (ரங்கூன், காண்டவ்ஜி ஏரியைச் சுற்றி ஓடும் இளைஞர்): அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் குடிப்பது? எட்டுக் குவளை என்பது சரியா?

பதில்: எல்லோருக்கும் எட்டுக் குவளை என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. 1945இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியபோது, அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தது. பரவியது முதல் வரி மட்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்றது. அதுவும் உணவில் உள்ள தண்ணீரையும் சேர்த்துத்தான். அது மிதமான தட்பவெப்பத்துக்கான அளவு. நம் ஏப்ரல் வெயிலில் வியர்வைக்கு ஏற்பக் கூடுதலாகத் தேவைப்படும். தாகம் எடுக்கும்போது குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நலமாக இருப்பவர்களுக்கு அதுவே போதிய அடையாளம்.

அளவுக்கு மீறிக் குடிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்து இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் குடித்துக்கொண்டே ஓடி, தொடக்கத்தைவிடக் கூடுதல் எடையோடு முடித்தவர்களிடம் அது அதிகம். எடை குறைய வேண்டும் என்று ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிக்கும் போட்டிகளில் சேராதீர்கள்.

கேள்வி (தட்டோன்): என் தாயாருக்கு இதய நோய்; கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறார். அவரும் உணவுக்கு முன் அரை லிட்டர் குடிக்கலாமா?

பதில்: கூடாது, மருத்துவர் அனுமதித்தால் தவிர. இதயம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களுக்கும், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கும் மருத்துவர் சொன்ன அளவே சட்டம். அவருக்கு ஒரே நாளில் இரண்டு பவுண்டுக்கு மேலோ, ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டு அளவுக்கோ எடை ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது என்று கருதி உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கேள்வி (மோல்மேன், வயது 41): என் கணவர் சில வாரங்களாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார், இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறார். சாப்பாட்டைக் குறைக்கவில்லை, ஆனால் பத்துப் பவுண்டு குறைந்திருக்கிறார். தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கிறார்.

பதில்: அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது நீரிழிவின் அடையாளம். இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது அது சிறுநீரில் வழிந்து, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடங்காத தாகம். உண்ட உணவின் ஆற்றல் உடலுக்குள் சேராமல் வீணாவதால் எடையும் குறைகிறது. அவர் குடிக்கும் தண்ணீர் இளைப்பைக் கொண்டுவரவில்லை; இரண்டும் ஒரே நோயிலிருந்து வந்தவை.

இன்றோ நாளையோ அருகிலுள்ள மருத்துவரிடம் அல்லது பரிசோதனைக் கூடத்தில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்; வெறும் வயிறு என்று காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நேரத்திலும் பார்க்கலாம். அதுவரை தண்ணீரைத் தடுக்காதீர்கள், ஆனால் தாகத்துக்குக் கரும்புச்சாறோ குளிர்பானமோ கொடுக்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு ஆழமாக வாங்குதல், மயக்கம் போன்ற தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை அளவு தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். அவருடைய உணவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.