நிலாவெளி மணலுக்குக் கிளா இருக்கிறதே!

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டம். வெறும் மணல். கடல் பக்கம் தகரம் அடித்து மறைத்தும் போன வருடம் வைத்த மாதுளங்கன்றுகள் ஆடிக்குள் கருகிவிட்டன. கனடாவில் இருக்கும் மகள், கடற்கரையில் வளரும் சீ பக்தோர்ன் என்ற பழச்செடியின் விதை அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். சரிவருமா ஐயா?

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உப்புக்கும் மணலுக்கும் அஞ்சாத செடிதான், ஆனால் குளிர்காலம் இல்லாமல் ஒழுங்காகப் பூக்காது. ஆண் செடி, பெண் செடி வேறு வேறு என்பது அடுத்த தொல்லை. அதோடு, அனுமதியில்லாமல் வெளிநாட்டு விதையை இறக்கவும் கூடாது.

உங்கள் தகரம் நின்றது தவறான பக்கத்தில். வடகிழக்கு வாடைக் காற்று கடலில் இருந்து உப்பைக் கொண்டுவந்தாலும், கூடவே வரும் மாரி மழை இலையைக் கழுவிவிடும். கன்றைக் கொல்வது வைகாசிக்குப் பிறகு தரைப் பக்கமிருந்து வீசும் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று. மாதுளை இலைகள் ஓரத்தில் இருந்து பழுப்பேறியிருந்தால் கிணற்று உவரும் காரணம். குருத்து வாடித் தொங்கிக் காய்ந்திருந்தால் கச்சான்தான்.

நம் பற்றைகளில் தானாக நிற்கிற கிளா என்ற முள் பழச்செடியையே வையுங்கள். பழுத்த பழத்தின் விதையைக் கழுவி உடனே போடுங்கள், வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். கன்று தேறியதும் ஐப்பசி மழையோடு நடலாம். இரண்டடிக் குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மக்கிய மாட்டெருவும் மணலும் கலந்து நிரப்புங்கள். மட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும். வேலிக்கு என்றால் மூன்றடி இடைவெளி, பழத்துக்கு என்றால் எட்டடி.

முதல் கச்சானுக்கு மட்டும் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடுகு கட்டி, மாலையில் தண்ணீர் விடுங்கள். மோட்டரால் ஒரேயடியாக இறைக்க வேண்டாம், மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர் குறைந்து உவர் மேலேறும். வேர் பிடித்த பிறகு கிளா உங்களை அதிகம் தேடாது. கட்டாக்காலி மாடுகளுக்கு முள் பதில் சொல்லும், ஆனால் இளங்கன்றுக்கு நீங்கள்தான் அடைப்புப் போட வேண்டும்.

பழம் பார்க்க இரண்டு மூன்று வருடமாகும். காயை ஊறுகாய்க்கு எடுக்கலாம். வெட்டும்போது பால் வடிந்து ஒட்டும், கத்தியில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சும்மா தின்பதற்கு நன்றாகக் கறுத்த பிறகு பறியுங்கள்.