அண்ணன் சீசன் டிக்கெட்டில் தம்பி போனால் கேஸ் ஆகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை பாதையில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: "மாட்டிக்கொண்டேன், கோர்ட்டுக்குப் போக வேண்டி வருமா?"

ரயில்வே சட்டம், 1989-ல் 137, 138 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உண்டு. 138-ல் சிக்கினால் பயணக் கட்டணம், அதோடு இன்னொரு மடங்கு கட்டணம் அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. கட்டி ரசீது வாங்கினால் முடிந்தது. 137 அப்படி இல்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்தவருக்கு அது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது குற்ற வழக்கு. நீங்கள் எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்பது பெரும்பாலும் பரிசோதகர் கேட்ட முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அண்ணனுக்கு சென்னை வரை சீசன் டிக்கெட் உண்டு. அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் அதை எடுத்துக்கொண்டு நான் போனேன். அரக்கோணத்தில் டிக்கெட் பரிசோதிக்கும் ஸ்க்வாட் ஏறியது. போட்டோவைப் பார்த்து "இது நீயா?" என்று கேட்டார்கள். பயத்தில் "ஆமாம் சார்" என்றுவிட்டேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கேஸ் வரும் என்றார்கள். குரூப் 4 தேர்வு எழுதியிருக்கிறேன். தூக்கம் வரவில்லை.
— வாசகர், வாலாஜா

தம்பி, உங்களைச் சிக்கலில் விட்டது டிக்கெட்டை விட அந்த "ஆமாம் சார்"தான். எத்தனையோ முறை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். போட்டோவில் மீசை, எதிரே மீசை முளைக்காத முகம். "அண்ணனோடது சார், தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன், ஃபைன் கட்டிடறேன்" என்று சொன்ன பையன்களுக்குப் பெரும்பாலும் ரசீது போட்டுக் கொடுத்து அனுப்பினோம். நான்தான் அவன் என்று சாதித்தவர்களிடம்தான் பேனா வேறு பக்கம் திரும்பும்.

சீசன் டிக்கெட்டை இன்னொருவர் பயணம் செய்யக் கொடுப்பது 142-வது பிரிவில் குற்றம். கொடுத்தவருக்கும் உண்டு, வாங்கியவருக்கும் உண்டு. மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். டிக்கெட்டும் போய்விடும். அதனால் இது உங்கள் கவலை மட்டுமில்லை, அண்ணனும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள்மாறாட்டம் செய்தீர்கள் என்று 137-ஐயும் சேர்க்கலாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அன்று என்ன நடந்தது, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்பதை இன்றைக்கே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கையில் ஏதாவது சீட்டு கொடுத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். அண்ணன் டாக்டரிடம் போன சீட்டையும் எடுத்து வையுங்கள். அது குற்றத்தை இல்லாமல் செய்யாது, ஆனால் தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர் நீங்கள் இல்லை என்று காட்டும். சம்மன் வந்தால் கட்டாயம் போங்கள். வராதவருக்கு வாரன்ட் வரும், 500 ரூபாய் விஷயம் போலீஸ் வீட்டுக்கு வருகிற விஷயமாகிவிடும். ஒரு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றம் என்பதால், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்ற கால வரம்பும் இருக்கிறது.

கோர்ட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, "ஒத்துக்கறேன்" என்று அபராதம் கட்டிவிட்டு வருவது எல்லோரும் செய்வதுதான். அரசு வேலைக்குப் போகிற உங்களைப் போன்றவர்கள் அதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். ஒத்துக்கொண்டு கட்டும் அபராதமும் தண்டனைதான். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. இதற்கு முன் தண்டனை பெறாதவரை, இப்படிச் சின்னக் குற்றங்களில், எச்சரித்து விட மாஜிஸ்திரேட்டுக்கு அது அதிகாரம் தருகிறது. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்றும் அதிலேயே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே கேட்கச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100-ல் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

அப்புறம், வேலைப் படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். அற்பமான வழக்கு என்றால் அதைப் பொருட்படுத்தாமல் வேலை கொடுக்க நியமன அதிகாரிக்கு இடம் உண்டு என்பதை 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மறைத்தது தெரிந்தால் அதுவே தனிப் பிரச்சினையாகிவிடும்.

காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறேன். நண்பன் மொபைலில் எடுத்த அன்ரிசர்வ்டு டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். அதைக் காட்டினேன், செல்லாது என்று ஃபைன் போட்டார்கள். பணம் கொடுத்து எடுத்த டிக்கெட்தானே?
— வாசகர், காட்பாடி

பணம் கொடுத்தது ஒரு டிக்கெட்டுக்கு. ஸ்கிரீன்ஷாட் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போகும். அதனால்தான் எந்த மொபைலில் எடுத்தீர்களோ அதில், செயலிக்குள் திறந்து காட்ட வேண்டும் என்ற விதி. சார்ஜ் தீர்ந்து மொபைல் அணைந்துவிட்டாலும் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். உங்களுக்கு ஃபைனோடு விட்டது நல்லது, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய டிக்கெட்டின் தேதியை மொபைலில் திருத்திக் காட்டுவதை விளையாட்டாக நினைக்கிறார்கள். அது ரயில்வே சட்டத்தோடு நிற்காது. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழு வருஷம் வரை சிறை இருக்கிறது. சென்னை டிக்கெட் காசுக்காக அந்தப் பிரிவில் உங்கள் பெயர் வரவே கூடாது. தயவுசெய்து வேண்டாம்.

ஜெனரல் கோச்சில் கால் வைக்க இடமில்லை. கைக்குழந்தையோடு ஸ்லீப்பரில் ஏறிவிட்டேன். இரவு நேரம். டி.டி.இ. "அடுத்த ஸ்டேஷனில் இறங்கு" என்றார். இறங்கித்தான் ஆக வேண்டுமா?
— வாசகி, குடியாத்தம்

கட்டண வித்தியாசமும் கூடுதல் தொகையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. இடமில்லை என்றால் ஜெனரல் கோச்சுக்கு மாறச் சொல்லலாம். ஆனால் ஆண் துணை இல்லாமல் வரும் பெண்ணை இரவில் ரயிலைவிட்டு இறக்கக் கூடாது என்று 139-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பகலிலும் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இவற்றில் மட்டும்தான் இறக்கலாம். யாராவது இரவில் மிரட்டினால் 139-க்கு போன் செய்யுங்கள். பிரிவு எண்ணும் உதவி எண்ணும் ஒன்றாகவே இருப்பதால் மறக்காது.

அம்மாவுக்குப் புற்றுநோய். சென்னை அடையாறில் வைத்தியம். நோயாளி சலுகையில் இருவருக்கும் போக வர டிக்கெட் எடுத்தோம். அம்மாவை அட்மிட் செய்துவிட்டார்கள். நான் மட்டும் அதே டிக்கெட்டில் திரும்பினேன். பரிசோதகர் கடுமையாகப் பேசிவிட்டார். நான் ஏமாற்றுக்காரனா?
— வாசகர், வேலூர்

இல்லை. அம்மாவை வார்டில் விட்டுவிட்டு வருகிறவர் மனம் எனக்குத் தெரியும். ஆனால் துணைக்கு வருபவருக்குக் கொடுக்கும் சலுகை நோயாளி கூட வரும்போது மட்டுமே செல்லும். நோயாளி இல்லாத பயணத்தில் அந்த டிக்கெட் உங்களுக்குச் சரியான டிக்கெட் இல்லை. இதில் பெரும்பாலும் வித்தியாசத்தையும் கூடுதல் தொகையையும் வாங்குவதோடு விடுவார்கள். அட்மிஷன் சீட்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த முறை அட்மிட் ஆனதும் திரும்பும் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு, உங்களுக்குத் தனியாக முழுக் கட்டண டிக்கெட் எடுங்கள்.

எங்கள் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணன், தன் சொந்த ஐ.டி.யில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஆளுக்கு 100 ரூபாய் வாங்குகிறார். ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) வந்து விசாரித்தார்களாம். டிக்கெட் வாங்கிய எங்களுக்கும் பிரச்சினையா?
— வாசகர், ஆம்பூர்

அவருக்குப் பிரச்சினைதான். அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்வது 143-வது பிரிவில் வரும். மூன்று வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் 1989-ல் வந்தது, இன்டர்நெட் டிக்கெட்டுக்குப் பொருந்தாது என்று சிலர் வாதாடினார்கள். இ-டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது. நண்பருக்கோ உறவினருக்கோ சொந்த ஐ.டி.யில் எடுத்துக் கொடுத்தால் தப்பில்லை, அதை விற்பதுதான் குற்றம்.

உங்களை விசாரித்தால் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இனிமேல் போகப்போகும் டிக்கெட் ஏதாவது அவர் ஐ.டி.யில் இருந்தால், அது இன்னும் செல்லுகிறதா என்று பி.என்.ஆர். எண்ணைப் போட்டு வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பையனுக்கு ஐந்தரை வயது, பார்க்கச் சின்னவனாக இருப்பான். நாலு என்று சொன்னால் என்ன?
— வாசகி, சோளிங்கர்

ஐந்து வயதுக்குள் இலவசம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அன்ரிசர்வ்டில் அரை டிக்கெட். எடுத்துவிடுங்கள் அம்மா. "எனக்கு அஞ்சு முடிஞ்சிடுச்சு அங்கிள்" என்று பெருமையாகச் சொல்லி அம்மாவை மாட்டிவிட்ட குழந்தைகள் பல பேரைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட் எடுக்க நேரமில்லாமல் ஏறிவிட்டேன். பரிசோதகர் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லை. இனி கேஸ் வராதல்லவா?
— வாசகர், வாணியம்பாடி

ரசீது இல்லாமல் கொடுத்தது ஃபைன் இல்லை, லஞ்சம். அடுத்த ஸ்டேஷனில் வேறொரு ஸ்க்வாட் ஏறினால் நீங்கள் மறுபடியும் டிக்கெட் இல்லாதவர்தான். ரசீது கேளுங்கள். அதில் எங்கிருந்து எங்கே என்று சரியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால் வண்டி கிளம்பிய ஸ்டேஷனிலிருந்து கணக்குப் போட சட்டம் அனுமதிக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த வண்டியாக இருந்தால் அங்கிருந்தே கட்ட வேண்டி வரும்.

ஒரு நாள் காலை குடியாத்தம் பிளாட்பாரத்தில் ஒரு வயதான அம்மா என் கோச் வாசலுக்கு ஓடி வந்தார். "ஐயா, கவுன்டர்ல கூட்டம், வண்டி வந்துடுச்சு, டிக்கெட் எடுக்கல. உங்ககிட்டயே கட்டலாமா?" முந்தானை முடிச்சில் மடித்து மடித்து வைத்த பத்து ரூபாய் நோட்டுகள். ஏறும் முன்பே சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கியவரிடம் கூடுதல் தொகை கேட்கக் கூடாது, கட்டணம் மட்டும்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அதே முடிச்சில் வைத்துக் கட்டிக்கொண்டு, கதவோரமாக உட்கார்ந்து காட்பாடி வரை வந்தார்.