லேடெக்ஸ் மெத்தை: ஜிப்பைத் திறந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எங்களிடம் 78-க்கு 60 அங்குல பெட்டிக் கட்டில் இருக்கிறது. ஒன்பது வருடமாகப் படுத்த காயர் மெத்தை நடுவில் குழிந்துவிட்டது. கணவர் 84 கிலோ, மல்லாந்து படுப்பவர், இடுப்பு வலி உண்டு. நான் 56 கிலோ, ஒருக்களித்துப் படுப்பேன். இயற்கை லேடெக்ஸ் மெத்தை வாங்கலாம் என்று மூன்று இடத்தில் விசாரித்தோம். ஒரு கடையில் 8 அங்குலம் 19,000 ரூபாய். இன்னொரு கடையில் 6 அங்குலம் 42,000. மூன்றாவது இடத்தில் ‘டலாலே’ என்கிற வெளிநாட்டு வகை, ஒரு லட்சத்துக்கு மேல். மூன்று பேருமே நூறு சதவீதம் இயற்கை என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்த 19,000 ரூபாய் மெத்தையைப் பார்த்துவிடலாம். அது முழு லேடெக்ஸாக இருக்க வழியில்லை. மெத்தையை நேரில் பார்க்காமலே இதைச் சொல்லலாம், கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் மெத்தையின் கன அளவு கன மீட்டரில் வரும். 78 × 60 × 8 என்றால் ஏறத்தாழ 0.61. நல்ல இயற்கை லேடெக்ஸின் அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். 75 என்று வைத்துக்கொண்டாலே அந்த மெத்தைக்குள் 46 கிலோ ரப்பர் இருக்க வேண்டும். ரப்பர் வாரியம் கோட்டயம் சந்தை விலையைத் தினமும் வெளியிடுகிறது, அதில் 60 சதவீத லேடெக்ஸின், அதாவது கெட்டிப்படுத்திய ரப்பர் பாலின் விலையும் வரும். அந்தப் பாலில் நூறு கிலோவுக்கு 60 கிலோதான் உலர்ந்த ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். உதாரணத்துக்குப் பால் கிலோ 120 ரூபாய் என்றால் உலர்ந்த ரப்பர் கிலோ 200 ஆகிறது. 46 கிலோவுக்கு 9,200 ரூபாய் மூலப்பொருளுக்கே போய்விடும். 19,000-இல் வரியும் கடைக்காரர் லாபமும் போனால் தயாரித்தவர் கைக்கு என்ன வந்திருக்கும்? அதில் ரப்பர் விலையையும் கழித்தால், நீராவிக்கும் கூலிக்கும் பருத்தி உறைக்கும் லாரி வாடகைக்கும் காசு மிஞ்சாது. வாங்கும் அன்று அன்றைய ரப்பர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள்.

அப்படியானால் உள்ளே என்ன இருக்கும்? மேலே ஒன்றோ இரண்டோ அங்குல லேடெக்ஸ், அதற்குக் கீழே சாதாரண ஃபோம் அல்லது ரீபாண்டட் ஃபோம். ஃபோம் துண்டுகளைப் பொடியாக்கிப் பசை போட்டு அழுத்திய பல நிறப் பலகைதான் ரீபாண்டட். மேல் அடுக்கு மட்டும் உண்மையிலேயே இயற்கை லேடெக்ஸாக இருந்தாலும் மொத்த மெத்தையையும் ‘நேச்சுரல் லேடெக்ஸ் மெத்தை’ என்று விற்கிறார்கள். தேங்காய் நாரின் மேல் லேடெக்ஸ் தெளித்துச் செய்யும் காயர் மெத்தையைக்கூட ‘லேடெக்ஸ் கலந்தது’ என்று சொல்வதுண்டு. கலவை மெத்தை தப்பான பொருள் இல்லை, பட்ஜெட் குறைவாக இருந்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் அதைக் கலவை மெத்தை என்றே தெரிந்து, அந்த விலைக்கு வாங்க வேண்டும்.

எடை போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பாதி தெரியும். உங்கள் அளவில் 6 அங்குல முழு லேடெக்ஸ், உறை இல்லாமல், 32 முதல் 41 கிலோ வரை இருக்க வேண்டும். 20 கிலோ சொச்சம்தான் இருக்கிறது என்றால் உள்ளே பெரும்பகுதி ஃபோம். ஆனால் எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ரீபாண்டட் ஃபோமும் கனமானதுதான். அதோடு, ரப்பர் பாலில் சுண்ணாம்புப் பொடியோ களிமண்ணோ சேர்த்து எடையைக் கூட்டும் வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட மெத்தை தராசில் தேறிவிடும், மூன்றாம் வருடம் ஓரத்தில் உதிரத் தொடங்கும். ஆகவே தராசோடு கண்ணும் கையும் வேலை செய்ய வேண்டும்.

உறையில் ஜிப் இல்லாத மெத்தையை வாங்காதீர்கள். ஜிப் இருந்தால் கடையிலேயே ஒரு பக்கம் முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது பால்கோவா போல லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாக, ஊசித் துளைகளோடு இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே பொருளா, இடையில் பசைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டை விரலால் ஓர் அங்குலம் அழுத்தி எடுத்தால் தடம் நிற்காமல் உடனே மேலே வர வேண்டும். வெட்டிய ஓரத்தை ஒரு கறுப்புத் துணியில் நன்றாகத் தேயுங்கள். துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் சுண்ணாம்புக் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். மூலையைச் சற்றே இழுத்துவிட்டால் நீண்டு திரும்ப வேண்டும், துகள் கையோடு வரக் கூடாது. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதைச் சிலர் காட்டுவார்கள். அதில் புகைதான் மிச்சம். செயற்கை ரப்பரும் எரியும், இயற்கை ரப்பரும் எரியும்.

அந்தச் செயற்கை ரப்பர்தான் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத விஷயம். எஸ்.பி.ஆர். என்ற அதுவும் லேடெக்ஸ் வடிவத்தில் கிடைக்கிறது, இயற்கைப் பாலோடு கலந்தால் தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. இங்கேதான் சான்றிதழ் உதவும். எந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓகோ-டெக்ஸ் முத்திரை தீங்கான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது, இயற்கையா செயற்கையா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. முழுச் செயற்கை லேடெக்ஸுக்கும் அந்த முத்திரை கிடைக்கும். ஜி.ஓ.எல்.எஸ். சான்றிதழில்தான் குறைந்தது 95 சதவீதம் இயற்கை விவசாய முறையில் விளைந்த ரப்பர் பால் என்பது நிபந்தனை. ஜி.ஓ.டி.எஸ். என்று இருந்தால் அது உறைத் துணிக்கானது. சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதிவரை செல்லும், எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று மூன்றையும் பாருங்கள். ரப்பர் பால் விற்றவரின் சான்றிதழை மெத்தைக் கடையில் மாட்டி வைத்திருப்பது சகஜம்.

இன்னொன்று, சொல்லுக்குச் சொல் நூறு சதவீத இயற்கை லேடெக்ஸ் மெத்தை என்று ஒன்று கிடையாது. கந்தகம், துத்தநாக ஆக்சைடு, சோப்பு, உறைய வைக்கும் பொருள் இவையெல்லாம் சிறிதளவு சேராமல் பால் மெத்தையாக ஆகாது. 95 சதவீதத்துக்கு மேல் என்று சொல்கிற தயாரிப்பாளரை, நூறு என்று அடித்துச் சொல்பவரைவிட நான் அதிகம் நம்புவேன்.

டன்லப், டலாலே இரண்டும் செய்முறையின் பெயர்கள். ‘டன்லப் என்றால் அந்தக் கம்பெனி மெத்தை’ என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். 1929-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் ஆய்வுக்கூடத்தில் உருவான முறை என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது, இன்று யாரும் அந்த முறையில் செய்யலாம். ரப்பர் பாலை முட்டை நுரைப்பது போல அடித்து, உறைபொருள் சேர்த்து, ஊசிகள் நிற்கும் அச்சில் ஊற்றி நீராவியில் வேக வைக்கிறார்கள். பிறகு பல முறை கழுவி உலர்த்துகிறார்கள். உறைவதற்குள் கனமான துகள்கள் கீழே இறங்குவதால் அடிப்பக்கம் சற்றே கெட்டியாக இருக்கும். கழுவுவதில் அவசரப்பட்ட மெத்தைதான் மாதக்கணக்கில் நாறும், பிறகு பிசுபிசுக்கும். புது மெத்தையில் லேசான ரப்பர் வாசம் சில வாரம் இருப்பது இயல்பு. கண் எரிந்தால் இயல்பு இல்லை.

டலாலே முறையில் அச்சைப் பாதிதான் நிரப்புகிறார்கள். காற்றை உறிஞ்சி நுரையை விரியச் செய்து, உறைய வைத்து, கரியமில வாயு செலுத்தி, அப்புறம் சூடேற்றுவார்கள். மேலும் கீழும் ஒரே சீராக, மென்மையாக வரும். ஆனால் டலாலே வகைகளில் பல செயற்கை ரப்பர் கலந்தே வருகின்றன, இங்கே பெரும்பாலும் இறக்குமதி என்பதால் விலையும் ஏறிவிடுகிறது. 84 கிலோ எடையுள்ளவர் படுக்கும் மெத்தைக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை என்பது என் முடிவு. உங்கள் மூன்றில் அந்த 6 அங்குல மெத்தைதான் பரிசீலிக்கத் தக்கது. மேலே சொன்ன சோதனைகளில் அது தேற வேண்டும்.

அடுத்து கெட்டித்தன்மை. இடுப்பு வலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. 2003-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு மெத்தை கொடுத்துப் பார்த்தார்கள். மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. ஆகவே கணவருக்கு நடுத்தரத்துக்குச் சற்று மேலான கெட்டி போதும். நீங்கள் ஒருக்களித்துப் படுப்பதால் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், அவருக்குப் பொருந்துவது உங்களுக்குத் தோளில் குத்தும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. கீழே 4 அங்குலம் கெட்டி அடுக்கு, மேலே 2 அங்குலத்தை 78-க்கு 30 அளவில் இரண்டாகப் பிரித்து அவர் பக்கம் கெட்டி, உங்கள் பக்கம் மிதம் என்று ஒரே உறைக்குள் போட்டுத் தரச் சொல்லலாம். அளவு சொல்லிச் செய்து தரும் தயாரிப்பாளர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். அடுக்குகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பின்னால் ஓர் அடுக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையில் இருவரும் சேர்ந்தே, வீட்டில் படுக்கிற மாதிரியே 15 நிமிடம் படுத்துப் பாருங்கள். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்பு வளைவுக்குக் கீழே உங்கள் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை அதிகக் கெட்டி. நுழையவே முடியாவிட்டால் மென்மை. உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

உங்கள் கட்டிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் லேடெக்ஸ் கெடுவதில் பாதி கட்டிலால்தான். பெட்டிக் கட்டிலின் பிளைவுட் மூடியில் காற்றுப் போக வழியில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பு வியர்வை மெத்தை வழியாக இறங்கிப் பலகையில் தங்கி, மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். தச்சரைக் கூப்பிட்டு மூடியில் 6 அங்குலத்துக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளை போடச் சொல்லுங்கள், பிசிறைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். சட்டம் வைத்த கட்டிலாக இருந்தால் இடைவெளி 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, லேடெக்ஸ் இடுக்கில் இறங்கிவிடும். ஹைட்ராலிக் மூடியாக இருந்தால் புது மெத்தையின் எடையைத் தச்சரிடம் முன்பே சொல்லுங்கள், எடை கூடினால் மூடி தானாக இறங்கிக் கையை நசுக்கும். தரையில் போட்டுப் படுப்பவர்கள் வாரம் ஒரு முறை மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தியே ஆக வேண்டும்.

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துப் பழகிய வீடு நம்முடையது. லேடெக்ஸுக்கு அது நேர் எதிரி. வெயில் பட்ட ரப்பர் மஞ்சளாகி, மேல் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். மறந்தும் வெயிலில் போடாதீர்கள், நிழலில் மின்விசிறிக் காற்றே போதும். அடுத்த எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் வழக்கம் இருந்தால் தலைமாட்டில் அது மெல்ல மெல்ல இறங்கும். துவைக்கக்கூடிய பருத்தி மேலுறை ஒன்றைப் புது மெத்தையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். தண்ணீர் கொட்டினால் துணியால் ஒற்றி எடுங்கள், அலசக் கூடாது. முழுக்க நனைந்த லேடெக்ஸ் காய நாள் கணக்காகும்.

வீட்டில் யாருக்காவது ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் தடிப்பு, மூச்சிரைப்பு வருமா? அப்படியானால் மருத்துவரைக் கேட்காமல் லேடெக்ஸ் வாங்க வேண்டாம். வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிப்பவர்கள் சிலருக்கும் ரப்பர் ஒவ்வாமை சேர்ந்தே இருப்பதுண்டு.

உத்தரவாதம் 10 வருடம், 15 வருடம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எத்தனை அங்குலம் குழிந்தால் மாற்றித் தருவார்கள், கறை பட்டிருந்தால் உத்தரவாதம் செல்லுமா, திரும்ப எடுத்துப் போகும் வாடகை யாருடையது என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பில்லில் ‘லேடெக்ஸ் மெத்தை - 1’ என்று மட்டும் போடவிடாதீர்கள். உள்ளே எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் என்ன பொருள், உறை நீங்கலாக உயரம், அடர்த்தி, எடை இவ்வளவும் பில்லிலேயே வர வேண்டும். சுருட்டிக் கட்டி வந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். தூக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காமல் அடியில் கை கொடுத்து இரண்டு பேர் தூக்குங்கள், லேடெக்ஸ் இழுத்தால் சுலபமாகக் கிழியும், கிழிந்ததற்கு உத்தரவாதம் வராது. வண்டிக்காரர் கிளம்புவதற்கு முன் ஜிப்பைத் திறந்து, கடையில் பார்த்த அதே பொருள்தானா என்று சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.